மஞ்சள் தடவிய லாபக் கவர்கள்

தையல் டீச்சரின் டிபன் கேரியரைத் தூக்க இத்தனை பேர் தேவையே இல்லை. நாலடுக்குப் பித்தளைக் கேரியர்; ஒரு பெண் ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனாலும் தினமும் காலையில் பள்ளிக்கூட வாசலில் அதற்கு ஒரு சண்டை நடக்கும்.

"நேத்து நீதானடி தூக்குன. இன்னைக்கு என் முறை."

"போடி, நீ மூடியத் தொறந்து என்ன வெஞ்சனம்னு பாக்கறவ."

தையல் டீச்சர் நடுவில் நின்று சிரித்துக்கொண்டே, "அடியே, கேரியரு ஒடைஞ்சா ஆளுக்கொரு அடுக்கு வாங்கித் தரணும், பாத்துக்கங்க" என்பாள். அதற்கும் ஒரு சிரிப்பு எழும். அதே வாசலில் நான் என் குடையை நானே மடக்கி, என் பையை நானே தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போவேன். என்னைப் பார்த்தால் பெண்கள் வழிவிட்டு நேராக நிற்பார்கள். மரியாதைக்குக் குறைவில்லை.

பேசும்போது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொண்டோம். மனசுக்குள் அவள் எனக்கு எப்போதும் 'அவள்'தான். என்னைவிட நாலு மாதம் இளையவள்.

எனக்கு எதையும் பட்டியலாக நினைத்தால்தான் நினைவில் நிற்கும். பொறாமையையும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு பருவத்தில் அவள் மேஜைக்கு வந்தவை: கொய்யா, கொடுக்காப்புளி, மல்லிகைச் சரம், வேகவைத்த நிலக்கடலை, ஒரு முறை உயிருள்ள கோழிக்குஞ்சு. என் மேஜைக்கு வந்தவை: வீட்டுப்பாட நோட்டுகள், ஒரு மாங்காய். அந்த மாங்காயும், தையல் டீச்சர் வகுப்பில் இல்லாததால் அவளிடம் கொடுத்துவிடும்படி என்னிடம் கொடுக்கப்பட்டது.

நான் அந்தப் பள்ளியில் செக்ரட்டேரியல் பிரிவுக்கு ஆசிரியையாக வந்தவள். கணக்குப் பதிவியலில் லோயர், ஹையர் இரண்டும், தமிழ், ஆங்கிலத் தட்டச்சும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தேறியிருந்தேன். வேலை தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் புது உத்தரவு வந்தால்தான் உண்டு. அப்பா புகையிலை மண்டியில் கணக்கு எழுதுபவர். எதையும் நிலுவையில் வைக்கப் பிடிக்காது. "பெர்மனென்ட் ஆச்சுன்னா நீ பாட்டுக்கு வேலைக்குப் போ. நான் ஒண்ணும் சொல்லல. ஆகலைன்னா பாலசமுத்திரத்துக்காரங்களுக்கு நான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டார். பாலசமுத்திரத்து வீட்டில் தென்னந்தோப்பு இருந்தது. மாப்பிள்ளையிடம் குறை எதுவும் இல்லை. மருமகள் வேலைக்குப் போக வேண்டிய அவசியம் தங்களுக்கு இல்லை என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கோ காலையில் பன்னிரண்டு தட்டச்சுப் பொறிகள் ஒன்றாகத் தட்டத் தொடங்கும் அந்தச் சத்தம் வேண்டும்.

அந்த ஆண்டு புதுவருடம் பிறந்து பள்ளி திறந்ததும், மதர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். மதர் என்றால் எங்கள் கான்வென்ட் பள்ளியின் தலைமை ஆசிரியை.

"பிள்ளைங்களுக்குக் காசைக் கையாளத் தெரியலை. அணாக் கணக்கு போய் நயா பைசா வந்து இத்தனை நாள் ஆச்சு, இன்னும் கடைக்காரர் குடுக்கிற சில்லறையை எண்ணாம வாங்கிட்டு வருதுங்க. அடுத்த வருஷத்திலிருந்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் இதுக்குன்னே வைக்கப் போறேன். அதை எடுக்கிறவங்க இடம் நிரந்தரமாகும். ரெண்டு பேரும் அவங்கவங்க வழியில செஞ்சு காட்டுங்க. கோடை லீவுக்கு முந்தி சொல்றேன்."

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கெடச்சா உங்களுக்கு ஒரு உள்பாவாடை தச்சுத் தாரேன், லேஸு வச்சு. உங்களுக்குக் கெடச்சா எனக்கு என்ன தருவீங்க?"

"ரசீது" என்றேன்.

அவள் வராந்தா அதிரச் சிரித்தாள். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சாயங்காலத்துக்குள் எட்டாம் வகுப்புப் பெண்கள் பென்சில் கடன் வாங்கினாலும் "ரசீது தாடி" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். யார் சொன்ன வேடிக்கை என்று கேட்டால், "தையல் டீச்சர் சொன்னது" என்றார்கள். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே ஒரு வேடிக்கை, அதுவும் அவள் பேரில் பதிவாகிவிட்டது.

அவள் வழி கடைவீதி. சனிக்கிழமைகளில் ஆறு பெண்களிடம் ஒரு ரூபாயைக் கொடுத்து ஊக்கு, நூல், லேஸ் வாங்கி வர அனுப்புவாள். திரும்பி வந்ததும் ஒவ்வொருத்தியும் எழுந்து, கடைக்காரர் என்ன சொன்னார், தான் என்ன சொன்னேன் என்று நடித்துக் காட்ட வேண்டும். அவள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் உயரம் குறைந்த தடுப்புச் சுவர்தான். எல்லாம் கேட்கும்.

"லேஸு கஜம் எம்புட்டு சொன்னாரு?"

"இருவது காசு, டீச்சர்."

"நீ என்ன சொன்ன?"

"போன வாரம் எங்க டீச்சரு பதினஞ்சுக்கு வாங்கிட்டு வந்தாங்களேன்னேன்."

"நான் எங்கடி வாங்குனேன்?"

"நீங்க வாங்கல டீச்சர். அது சும்மா."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "சரி, பொய் சொல்லி அஞ்சு காசு மிச்சம் புடிச்ச. அவரு நாளைக்கு என்னைப் பாத்துக் கேட்டாருன்னா? அப்புறம் நம்ம ஸ்கூல் தாவணியக் கண்டாலே பத்துக் காசு ஏத்திச் சொல்லுவாரு. இப்பச் சொல்லு, இது லாபமா நட்டமா?" என்றாள்.

என் பக்கத்தில் ஒரு தட்டச்சுப் பொறிகூட ஓடவில்லை. என் மாணவிகளும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன, விரல் வலிக்குதா?" என்று கேட்டு மறுபடியும் தட்ட வைத்தேன். உண்மையில் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் சொன்னதில் குறை இருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என் வழி மாணவியர் பண்டகசாலை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிதான் கடை. ஒரு பங்கு ஒரு ரூபாய். பங்கு எடுத்தவர்கள் உறுப்பினர்கள். நோட்டு, நிப்பு, மைப்புட்டி, பென்சில் மொத்த விலையில் வாங்கி வெளிக் கடையைவிடச் சற்றுக் குறைத்து விற்பது. செயலாளர், சரக்குக் காப்பாளர், காசாளர் எல்லோரும் எட்டாம் வகுப்புப் பெண்கள். காசுப் பெட்டிக்குப் பூட்டு வாங்கவே இல்லை. பூட்டுப் பட்டறைக்காரர் மகள் ஒருத்தி வகுப்பில் இருந்தாள், வீட்டிலிருந்து கொண்டுவந்துவிட்டாள். ரொக்கப் புத்தகம், பேரேடு, சரக்குப் பதிவேடு எல்லாம் நான் கோடு போட்டுக் கொடுத்தவை. மாலை மணி அடித்ததும் இருப்பு எண்ணி, கணக்கோடு ஒத்துப் பார்த்து, அதன் பிறகே வீட்டுக்குப் போக வேண்டும். நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

காசாளர் தாடிக்கொம்புப் பக்கத்திலிருந்து வரும் பெண். வீட்டில் மல்லிகையும் கத்தரியும் போட்டிருந்தார்கள். கண் துறுதுறுவென்று இருக்கும். ஒரு நாள் ரொக்கப் புத்தகத்தோடு வந்தாள்.

"டீச்சர், பெட்டிக்குள்ள காசு வந்தா பற்றுல எழுதச் சொல்றீங்க. வந்தது வரவுதான? ஏன் பற்று?"

விதியைச் சொன்னேன். சொத்து கூடினால் பற்று, குறைந்தால் வரவு. இரண்டு உதாரணங்களும் கொடுத்தேன். "சரிங்க டீச்சர்" என்று போனாள். மத்தியானம் அவளைத் தையல் வகுப்பு ஜன்னலருகே பார்த்தேன். மறுநாள் முகம் மலர வந்தாள்.

"புரிஞ்சுபோச்சு டீச்சர்! பெட்டிய ஒரு ஆளா நெனச்சுக்கணும். காசு உள்ள போனா பெட்டி நம்மகிட்டக் கடன் பட்டிருக்கு. அதான் அது பேருல பற்று. அம்புட்டுத்தான்."

"யார் சொன்னாங்க?"

"தையல் டீச்சர்."

அது சரி. பிழையே இல்லை. பாடப்புத்தகத்தில் மூன்று பக்கம் போகும் விஷயத்தை, லோயர் தேர்வுகூட எழுதாத ஒருத்தி ஊசிக்கு நூல் கோர்க்கிற நேரத்தில் சொல்லி முடித்திருக்கிறாள். "சரி, போய் நேத்து இருப்பைக் கொண்டுவந்து எழுது" என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வேறு, "என்ன டீச்சர், சாப்புடாம ஒக்காந்திருக்கீங்க? இந்தாங்க, கருணைக்கிழங்கு" என்று தன் கேரியர் மூடியில் வைத்து நீட்டினாள். நன்றாகச் சமைப்பவள் என்பதையும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது.

ஆனால் பண்டகசாலை நன்றாக ஓடியது. பரீட்சை நெருங்க நெருங்க நோட்டும் நிப்பும் பறந்தன. பங்குனியில் கணக்கை முடித்தபோது லாபம் நின்றது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பங்குக்குப் பன்னிரண்டு பைசா கொடுப்பது என்று செயற்குழு தீர்மானம் போட்டது. கூட்டுறவுத் துறை ஆடிட்டர் அடுத்த திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அவர் பார்த்து முடித்ததும் மதர் முடிவு சொல்வார். எனக்குக் கணக்கில் பயமே இல்லை. ஒரு பைசா பிசகாது.

லாபத்தை வெறுங்கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. பழுப்புத் தாளில் சிறு கவர்கள் செய்யச் சொல்லி, ஒவ்வொருத்தி பேரையும் நானே தட்டச்சு செய்து வெட்டி ஒட்டினேன். அடுக்கி வைத்ததைப் பார்த்துவிட்டுக் காசாளர் உதட்டைப் பிதுக்கினாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இது வரி நோட்டீசு மாதிரி இருக்கு. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவட்டா?"

தடுப்புச் சுவருக்கு மேலே பார்த்தேன். அந்தப் பக்கம் கொடியில் பச்சை, ஊதா, சிவப்பு என்று பாவாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. என் பக்கம் எல்லாமே கறுப்பு மை. "தடவுங்க" என்றேன்.

குழைத்த மஞ்சளைத் தொட்டுத் தொட்டு வைத்து, வராந்தாவில் வரிசையாகக் காய வைத்தார்கள். அந்த வழியாக வந்த அவள் நின்றுவிட்டாள். "அடடா, கல்யாணக் களை வந்துருச்சே!" என்று குனிந்து ஒரு கவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் செய்த ஒன்றின் முன்னால் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அது இனித்தது.

வியாழக்கிழமை கவர்களைக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை காலை முதல் மணிக்கு முன்னாலேயே ஒரு பெண் கைக்குட்டை முடிச்சோடு வந்து நின்றாள். அவிழ்த்தால் கால் ரூபாய்.

"என்னது இது?"

"அம்மா குடுக்கச் சொன்னாங்க டீச்சர்."

அடுத்தவள் நாலணாவோடு வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்தாள். அதற்கடுத்தவள் ஒரு தேங்காய். பிறகு, அம்மா ஆரம்பப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு கிறிஸ்தவப் பெண் வந்தாள். "விசேசம் என்னைக்குன்னு எங்கம்மா கேட்டு வரச் சொன்னாங்க டீச்சர். கட்டிடத் தெறப்பா, இல்ல மதருக்கு வெள்ளி விழாவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூலையில் மஞ்சள் தடவிய கவர், உள்ளே காசு, மேலே பேர். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கொடுத்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். பள்ளிக்கூடம் மொய் செய்திருக்கிறது. முந்திக்கொண்டு ரெண்டணா செய்திருக்கிறது. வாங்கின மொய்யை அதே அளவில் திருப்பினால் இனி உங்கள் உறவு வேண்டாம் என்று சொல்வது போல. அதனால் கூட்டித்தான் செய்வார்கள். மகள் படிக்கிற இடமாயிற்றே. ரெண்டணாவுக்கு நாலணாவாகவே செய்துவிட்டார்கள்.

மத்தியானத்துக்குள் பெட்டியை மூட முடியவில்லை. காசாளருக்குத் தாங்காத சந்தோஷம்.

"டீச்சர், நாம குடுத்தது ரெண்டு மடங்கா வந்துருச்சு! வாராவாரம் லாபம் குடுப்பமா?"

கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும்: பெட்டியில் குறைந்தால் ஒரு காரணம் சொல்லலாம், கையிலிருந்து போட்டு ஈடுகட்டலாம். மிகுந்தால் என்ன சொல்வது? எங்கோ விற்றதை எழுதவில்லை என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். விற்பனை என்று எழுத முடியாது, சரக்கு அப்படியே இருக்கிறது. நன்கொடை என்று எழுத முடியாது, பள்ளிக்கு நன்கொடை வாங்க மதர் ஒருவருக்குத்தான் அதிகாரம். திருப்பிக் கொடுப்பது ஒன்றுதான் வழி என்று முடிவு செய்து, மஞ்சள் இல்லாத கவர்களை எடுக்கச் சொன்னேன்.

அதற்குள் காசாளரின் அம்மாவே வந்துவிட்டார். பூவைக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு, காலிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார். மகள் போய் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"டீச்சரு, எங்க காசு செல்லாதாமே?"

"அப்படி இல்லைங்கம்மா. கணக்குல இதை எழுத…"

"கணக்கு கெடக்கட்டும். நீங்க ரெண்டணா செஞ்சீக, நாங்க நாலணா செஞ்சோம். கொறச்சலுன்னா சொல்லுங்க, இன்னொரு நாலணா தாரேன். செஞ்சதத் திருப்பிக் குடுக்குறது எந்த ஊருப் பழக்கம்? எம்மக ஒங்ககிட்டப் படிக்க வேணாமா?"

"ஐயோ, படிக்கட்டும்மா."

"அப்ப வச்சுக்கங்க." மேஜையில் இன்னொரு நாலணாவை வைத்தார். மடியிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்தார். நான் கையை நீட்டிவிட்டேன். "இதத் தையல் டீச்சருகிட்டக் குடுத்துருங்க. எம்மக சொல்லிச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் பெண்கள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். தையல் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர், முடியல. பூராப் பேரும் மொய் வச்சுட்டாங்களா! ஆனா ஒண்ணு, திருப்பி மட்டும் குடுத்துராதீங்க. பொண்ணு பாக்க வந்துட்டுக் காப்பி வேணாம்னு எந்திரிச்சுப் போன மாதிரி ஆயிரும். நான் வேணும்னா அம்மாங்ககிட்டப் பேசட்டா?"

"வேண்டாம். பண்டகசாலை என் பொறுப்பு" என்றேன். அவள் சிரிப்பு நின்றது. "சரி" என்று பூவை இரண்டாகக் கிள்ளி ஒரு பாதியை என்னிடம் நீட்டினாள். நான் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மணி அடிப்பதற்கு முன், நாளைக் காலை எல்லோரும் அம்மாவைக் கூட்டிவர வேண்டும் என்று பெண்களிடம் சொல்லியனுப்பினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாசலுக்கு வரும்போது அவள் மதர் அறைக்குள் போவதைப் பார்த்தேன். போய்ச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் அவளிடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேனோ என்று யோசிக்கவும் செய்தேன். ஊக்கு வாங்கிய பில்லில் கையெழுத்து வாங்கத்தான் போனாள் என்பது பிறகு தெரிந்தது. வீட்டில் அப்பா, பாலசமுத்திரத்திலிருந்து மறுபடியும் ஆள் வந்து போனதாகச் சொன்னார். "திங்கக்கிழமை தெரிஞ்சிரும்ல?" என்றார். தெரியும் என்றேன்.

பண்டகசாலையின் விதிகளை நானேதான் தட்டச்சு செய்திருந்தேன். காப்பி குடித்துக்கொண்டே வரிசையாக மனசில் ஓட்டினேன். உறுப்பினர் சேர்க்கை, செயற்குழு, பங்கு. பங்கில் ஒரு சிறு பிரிவு: விரும்பும் உறுப்பினர் இரண்டாவது பங்கைத் தவணையில் செலுத்தலாம். யாரும் இதுவரை கேட்டதில்லை. கேட்டால், நாலணா ஒரு தவணை. விண்ணப்பமும் பெற்றோர் கையொப்பமும் வேண்டும். பெட்டியில் மிகுந்த காசுக்கு இடம் கிடைத்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் பள்ளிக்குப் போய்க் கார்பன் வைத்து விண்ணப்பங்களைத் தட்டினேன்.

என் அறையில் பொறிகள் அடைத்துக்கொண்டிருந்ததால், அம்மாக்களைத் தையல் வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. சுற்றிலும் அவள் தைக்க வைத்த பாவாடைகள். கரும்பலகையில் 'பங்கு', 'தவணை', 'லாபப் பங்கு' என்று எழுதி ஒவ்வொன்றாக விளக்கினேன். தெளிவாகத்தான் சொன்னேன். அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"அப்ப எங்க காச எடுத்துக்கறீங்களா, இல்லையா?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

பின்னால் ஒரு கிசுகிசுப்பு: "என்னமோ எழுதியிருக்காமே. கைநாட்டு வச்சா எதையாச்சும் எழுதி வாங்கிருவாங்கக்கா. எங்க சின்ன மாமனாரு தோட்டம் அப்படித்தான் போச்சு."

விண்ணப்பத்தை யாரும் தொடவில்லை. ஒருவர் எழுந்து, "செத்த நேரத்துல வடமதுரை பஸ்ஸு வந்துரும், வாரேன் டீச்சரு" என்று சேலையை உதறினார்.

அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கப் போகிறாள் என்று அவள் தோள் அசைந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அத்தனை நாள் கேட்டவள் நான். எந்தச் சொல்லில் தொடங்குவாள், எங்கே நிறுத்துவாள், எந்த இடத்தில் கையை விரிப்பாள் என்று எனக்கு மனப்பாடம். அவள் பேசினால் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். போட்டால் கணக்கு தப்பிக்கும். வகுப்பு அவளுக்குப் போகும்.

சுண்ணாம்புக் கட்டியை வைத்துவிட்டு முன் பெஞ்சு ஓரத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, செத்த உக்காருங்க. பஸ்ஸு எங்கயும் ஓடிப்போயிறாது. இது மொய்தான். மொய் இல்லேன்னு யாரு சொன்னா? ஆனா இத ஸ்கூலுக்கு எழுதல, உங்க மக பேருல எழுதறோம். நீங்க செஞ்ச நாலணா அவ பேருல நிக்கும். இன்னும் மூணு தடவ செஞ்சா முழு ரூவா. அப்புறம் வருசா வருசம் அவ உங்களுக்குத் திருப்பிச் செய்வா. பெத்த மகளுக்கு மொய் செய்ய மாட்டேங்கிறவங்க யாராச்சும் இருந்தா இப்பவே பஸ்ஸுக்குப் போகலாம்."

முதலில் ஒரு சிரிப்பு, பிறகு எல்லோரும். கையை விரித்திருந்தேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அவ செய்யறப்ப கவர்ல மஞ்ச இருக்குமா?" என்று கேட்டார் பூக்கூடை வைத்திருந்த காசாளரின் அம்மா.

"இருக்கும்."

"அப்பக் குடுங்க அந்தத் தாள. நான் ரெண்டு நாலணா செஞ்சிருக்கேன், ரெண்டையும் எழுதிக்கங்க."

பேனா ஒன்றுதான் இருந்தது. கை மாறி மாறிப் போயிற்று. கைநாட்டு வைத்தவர்கள் பெருவிரலைச் சுவரில் துடைத்தார்கள். காசாளரும் மற்றவர்களும் வரிசை பிடித்து ரசீது கொடுத்தார்கள். தேங்காய், பழம் எல்லாவற்றையும் அங்கேயே உடைத்து உரித்துப் பங்கிட்டோம். கணக்கில் வராத சரக்கு ஒன்றும் மிச்சம் வைக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு அவள் உள்ளே வந்தாள்.

"டீச்சர், அது நான் பேசற மாதிரியே இருந்துச்சு."

"ஆமாம்."

"நான் பேசத்தான் நின்னுக்கிட்டிருந்தேன்."

"தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. கரும்பலகையில் நான் எழுதியிருந்ததை மெதுவாகப் படித்தாள். "உங்க பேரேட்டத் தொறந்து பாக்குறப்பல்லாம் எனக்கு வயிறு பத்திக்கிட்டு வரும், தெரியுமா? அடித்தல் திருத்தல் இல்லாம, அச்சடிச்ச மாதிரி. நான் ஊக்குக் கணக்கு எழுதுனா மதர் மூணு தடவ கூட்டிப் பாக்கறாங்க" என்றாள். பிறகுதான் சிரித்தாள். பொறாமைப்படுவதில்கூட அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அதை வாய்விட்டுச் சொல்லிவிட முடிந்தது அவளால்.

திங்கட்கிழமை ஆடிட்டர் ரொக்கத்தை எண்ணினார், ஒத்துப்போயிற்று. விண்ணப்பங்களில் அம்மாக்களின் மஞ்சள் பூசிய விரல் தடம் இருப்பதைப் பார்த்து "இதென்னம்மா?" என்று காசாளரைக் கேட்டார். அவள், "மங்களகரம் சார்" என்றாள். அவர் ஒன்றும் எழுதாமல் பக்கத்தைத் திருப்பினார். அந்த வாரக் கடைசியில் மதர் என்னை மட்டும் கூப்பிட்டு, வகுப்பை நான் எடுக்க வேண்டும் என்றார். "கணக்கும் இருக்கு, பேச்சும் இருக்கு" என்பது அவர் சொன்ன காரணம். அப்பா பாலசமுத்திரத்துக்கு வேண்டாமென்று எழுதிவிட்டார்.

செய்தி தெரிந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என் ரசீது எங்க?"

தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகி, 'தையல் ஆசிரியையிடமிருந்து பெற்றுக்கொண்டது: பேச்சு' என்று அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்துக் கேரியரின் மேல் அடுக்குக்குள் வைத்துக்கொண்டாள். ஜூனில் அவளுக்குப் பழனிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நிரந்தர இடம் கிடைத்தது. பஸ் நிலையம் வரை பெண்கள் கூட்டமாகப் போனார்கள். கேரியரைத் தூக்க அன்றைக்கும் சண்டை நடந்தது. காசாளர் அழுத அழுகையை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்காக அப்படி யாராவது அழுவார்களா என்றுதான் நினைத்தேன். பஸ் கிளம்பியதும் எல்லோரோடும் சேர்ந்து நானும் கையசைத்தேன்.

சில வருடங்களாக அந்த வகுப்பை நான்தான் எடுக்கிறேன். ஆண்டுதோறும் மஞ்சள் தடவிய கவரில் லாபம் கொடுக்கிறோம். மறுநாளே இரண்டாம் பங்குக்கான நாலணாக்கள் வந்துவிடுகின்றன. வகுப்பில் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். கையையும் விரிக்கிறேன். முதல் வருடத்திலேயே ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்று சொன்னாள்:

"டீச்சர், நீங்க அப்படியே தையல் டீச்சர் மாதிரி பேசறீங்க."

"அப்படியா?"

"ஆமா டீச்சர். ஆனா அவங்க இருந்தா இதுக்கு இன்னும் சிரிப்பா ஒண்ணு சொல்லியிருப்பாங்க."

இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தோன்றவில்லை. "சரி, ரொக்கப் புத்தகத்தை எடுங்க" என்றேன்.